நெல்லை அவித்தவர்களும் பெரிபெரியும்

நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பிறகு குத்தி எடுப்பது புழுங்கல் அரிசி. அவிக்காமல் அப்படியே குத்தி எடுப்பது பச்சரிசி. தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் கேரளத்திலும் வங்கத்திலும் இலங்கையின் பல பகுதிகளிலும் அன்றாடச் சோறு நெடுங்காலமாகப் புழுங்கல் அரிசிச் சோறுதான். பொங்கலுக்கும் படையலுக்கும் மாவுப் பலகாரத்துக்கும் பச்சரிசி தனியே வைக்கப்படும். கடலோர ஆந்திரத்திலோ அன்றாட உலையிலும் பச்சரிசிதான் ஏறியது. பார்வைக்கு இது வெறும் ருசி வேறுபாடு. ஆனால் அரிசி ஆலைகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு, ஆசியாவில் யார் நடந்தார்கள், யார் கால் மரத்துப் படுத்தார்கள் என்பதைத் தீர்மானித்ததில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் நெல்மணியின் அமைப்பில் இருக்கிறது. மேலே உமி, நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. அதை நீக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய போர்வை தெரியும். குத்தும்போது தவிடாக உதிர்வது இதுவே. மணியின் ஒரு முனையில் முளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. நார், எண்ணெய், தாதுக்கள், பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் தங்கியிருக்கிறது. அரிசி வெளுக்க வெளுக்க இவை வெளியேறுகின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் பி1 போன்ற சத்துகள் தவிட்டிலிருந்து உள்நோக்கி ஊறி மாவுப் பகுதிக்குள் இறங்கிவிடுகின்றன. மாவு வெந்து இறுகுவதால் மணிக்குக் கண்ணாடி போன்ற உறுதி வருகிறது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் உள்ளே இறங்கிய சத்தின் ஒரு பகுதி அரிசியிலேயே நின்றுவிடும்.

இதை எந்த ஊரில், எந்தக் காலத்தில் முதலில் செய்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு கிடையாது. செய்தவர்கள் வைட்டமினை நினைத்துச் செய்யவும் இல்லை. அவித்த நெல்லின் உமி தானே வெடித்து விரிவதால் குத்துவது எளிது. மணி இறுகுவதால் நொய்யும் குருணையும் குறைவு. பூச்சி எளிதில் அண்டாது. ஈரத்தோடு அறுவடையான குறுவை நெல்லையும் அவித்து உலர்த்திக் காப்பாற்றிவிடலாம். வடித்த சோறு குழையாமல் நிற்கும். மிஞ்சியதில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலைப் பழையதுக்கு ஆகும். உழவர் வீட்டுக்கு வேண்டிய நன்மைகள் இவை. நோய்க் காப்பு இவற்றோடு சேர்ந்து வந்தது.

வேலை முழுக்கப் பெண்களுடையது. முதல் நாள் தொட்டியிலோ அண்டாவிலோ நெல்லைக் கொட்டி நீர் ஊற்றுவார்கள். பதர் மேலே மிதக்கும். அதை அரித்து எடுத்துவிடுவார்கள். ஓரிரு நாள் ஊறிய நெல்லில் ஒரு புளித்த வாடை எழும். பிறகு கொப்பரையில் அள்ளிப் போட்டு அடியில் கொஞ்சம் நீர் விட்டு மேலே சாக்கைப் போர்த்தி, வைக்கோலும் உமியும் எரித்து அவிப்பார்கள். உமி வாய் பிளந்ததும் இறக்கிக் களத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் மணி விண்டுபோகும். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். ஒரு மணியை உமி நீக்கிக் கடித்துப் பதம் பார்ப்பார்கள். அதன் பிறகு உரலும் பூண் போட்ட உலக்கையும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்த, இன்னொருத்தி முறத்தில் புடைப்பாள். உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு. ஒரு குடும்பத்துக்குச் சில நாட்களுக்கான அரிசிதான் ஒரு தடவையில் குத்தப்படும். அந்த அரிசியில் தவிடு முழுவதும் போயிருக்காது.

இந்த முறையைக் குலைத்தது நீராவி. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பின் பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ரங்கூனில் நீராவி ஆலைகள் எழுந்தன. பாங்காக்கிலும் சைகோனிலும் அதே கதை. நெடுங்கடல் பயணத்துக்குத் தவிடு ஒட்டிய அரிசி ஆகாது. தவிட்டின் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். ஆகவே அரிசி மின்னும் வரை தீட்டப்பட்டது. அதன் வெண்மை விரைவில் உயர்வுக்கு அடையாளமும் ஆயிற்று. பிரேசிலைச் சேர்ந்த எங்கல்பெர்க் 1880களில் உருவாக்கிய ஹல்லர் என்னும் சிறிய இயந்திரம் பெரிய முதலீடு இல்லாமலே இயங்கக்கூடியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் அது மதராஸ் மாகாணத்துச் சிற்றூர்கள் வரை வந்தது. உமியையும் தவிட்டையும் முளைக்கருவையும் ஒரே இழுப்பில் உரித்துத் தள்ளும் இயந்திரம் அது.

தீட்டிய பச்சரிசி போன இடமெல்லாம் பின்னாலேயே போனது பெரிபெரி. முதலில் கால் மதமதக்கும். கெண்டைக்கால் தசை அழுத்தினால் வலிக்கும். குந்தியவர் எழ முடியாது. சிலருக்கு நரம்பு செத்துக் கால்கள் சூம்பிப்போகும். வேறு சிலருக்கு உடல் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். சத்தில்லாத தாயின் பாலைக் குடிக்கும் கைக்குழந்தை சில மாத வயதிலேயே, சில நேரம் நோய் கண்ட ஒரே நாளில், இறந்துபோகும். ஆலைகளுக்கு முன்பும் இந்த நோய் இல்லாமல் இல்லை. மதராஸ் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த மால்கம்சன் 1835இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் கண்ட நோயாளிகளில் மிகப் பலர் வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். பச்சரிசி உண்ணும் வட்டாரம் அது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் நோய் அரிதாகவே காணப்பட்டது. ஏன் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ என்ற கப்பல் 1882-83இல் நெடும்பயணம் போய்த் திரும்பியபோது 169 பேருக்குப் பெரிபெரி கண்டு 25 பேர் இறந்திருந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவை மாற்றினார். 1884இல் அதே வழியில் போன சுகுபா கப்பலில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் பார்லியும் இறைச்சியும் புரதத்தைக் கூட்டியதே காரணம் என்று அவர் நினைத்தார். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் நொண்டுவதைக் கவனித்தார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்குப் போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததும் கோழிகள் தேறின. எய்க்மானின் நண்பர் ஃபோர்டர்மான் ஜாவாவின் சுமார் 100 சிறைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய அரிசி தந்த சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் என்ற அளவில் நோய். தவிடு நீக்காத அரிசி தந்த சிறைகளில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர். வெள்ளை அரிசியில் நஞ்சு இருக்கிறது என்றே எய்க்மான் அப்போது கருதினார். நஞ்சு ஏதும் இல்லை, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதே குற்றம் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்.

புழுங்கல் அரிசியின் பங்கு தெளிவானது மலாயாவில். அங்கே மூன்று இனத்தார், மூன்று வகை அரிசி. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். அவர்களில் பல்லாயிரம் பேரைப் பெரிபெரி வீழ்த்தியது. மலாய் உழவர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். அவர்களிடம் நோய் குறைவு. தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் உழைத்த தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியையே கேட்டு வாங்கி உண்டனர். அவர்களையும் நோய் ஏறக்குறைய தொடவில்லை. நெகிரி செம்பிலான் மாநில மருத்துவர் பிராடன் இதைப் பல ஆண்டுகள் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். தமிழர்கள் அங்கே நலமாக வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் தோட்டத்து லயங்களில் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. ஆனால் பக்கத்துச் சுரங்கத்தில் சீனரைக் கொன்ற நோய் மட்டும் அவர்களை விட்டுவைத்தது. ஊரில் தாயும் பாட்டியும் ஆக்கிய சோற்றையே கடல் கடந்தும் விடாப்பிடியாகக் கேட்டதால் கிடைத்த பலன் அது.

கோலாலம்பூர் மனநல விடுதியில் பணியாற்றிய மருத்துவர் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணுக்கு உரியவர்கள் முற்றத்தின் ஒரு பக்கத்துக் கூடத்துக்கு. பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணுக்கு உரியவர்கள் எதிர்ப் பக்கத்துக் கூடத்துக்கு. இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இருவருக்கும் ஒன்றே. இடத்தின் கோளாறோ என்ற ஐயம் வராதிருக்க, இடையில் கூடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில் பச்சரிசிக் கூட்டத்தில் நான்கில் ஒருவருக்கும் மேல் நோய் கண்டு 18 பேர் இறந்தனர். புழுங்கல் கூட்டத்தில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. தங்களுக்கு எதைத் தருகிறார்கள் என்று அறியாத, மறுக்கவும் இயலாத மனிதர்களின் உயிரைக் கொடுத்துப் பெற்ற உண்மை இது. வரலாறு அவர்களில் ஒருவர் பெயரையும் நினைவில் வைக்கவில்லை. சில ஆண்டுகளில் மருத்துவ ஆய்வாளர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும் காட்டுப் பாதை அமைத்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்து, நடுவில் அரிசியை மாற்றி, நோயும் அரிசியோடு சேர்ந்து இடம் மாறுவதைக் காட்டினர். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் போட்டது.

அடுத்து வந்தது வேதியியல். லண்டனில் காசிமிர் ஃபங்க் 1912இல் ‘வைட்டமின்’ என்ற பெயரைத் தந்தார். ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் 1926இல் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தனர். அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து 1936இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். மதராஸ் மாகாணத்து நெல்லூரில் 1886இல் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இன்று தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் வழங்குவது அதுதான்.

இந்தியாவில் இந்த ஆய்வின் தலைநகரம் நீலகிரியின் குன்னூர். மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். பின்னர் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களின் உறுப்புகள் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்த அவர், அதன் பிறகு செய்த சோதனை தமிழர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒன்று. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்ச்சியை அளந்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, கீரை, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம். கழுவி வேகவைத்த அரிசியே பெரும் பங்காக, பருப்பும் பாலும் காயும் சொற்பமாக இருந்த மதராஸ் உணவு கடைசி இடம். புழுங்கல் அரிசி ஒரு நோயிலிருந்து காத்ததே தவிர, சோற்றை மட்டுமே நம்பிய வயிற்றுக்கு அது முழு உணவாகிவிடவில்லை.

1935இல் அவருக்குப் பின் வந்த ஏக்ராய்ட் அரிசியையே தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். குன்னூரிலிருந்து 1937இல் வெளிவந்த உணவுச் சத்து அட்டவணை, ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போன பிறகும் திருத்தித் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி 100 கிராம் அரிசியில் பி1: கைக்குத்தல் புழுங்கல் 0.27 மில்லிகிராம், ஆலைப் புழுங்கல் 0.21, கைக்குத்தல் பச்சரிசி 0.21, ஆலைப் பச்சரிசி 0.06. அவித்தால் ஆலை அரிசியும் கைக்குத்தல் பச்சரிசிக்குச் சமமாகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு ஆலைப் புழுங்கலில் 0.84 மில்லிகிராம் கிடைக்கும். ஆலைப் பச்சரிசியில் கால் மில்லிகிராம்கூடத் தேறாது. வளர்ந்தவரின் தேவையோ ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். தீட்டிய பச்சரிசியை நன்றாகக் கழுவினாலே இருப்பதில் பாதி கழுநீரோடு மாட்டுத்தொட்டிக்குப் போய்விடும் என்பதும், புழுங்கலில் அந்த இழப்பு மிகக் குறைவு என்பதும் குன்னூரில் தெரியவந்தவை.

உலக்கைக்கு அரசியல் குரலும் கிடைத்தது. காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகத் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா பொறுப்பேற்றார். ஹல்லர் வந்தால் அரிசியின் சத்தோடு, நெல் குத்திக் கூலி வாங்கும் ஏழைப் பெண்களின் பிழைப்பும் போகும் என்று அவர் விடாமல் எழுதினார். விடுதலைக்குப் பின் 1958இல் வந்த அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு உரிமம் தருமுன் அந்த வட்டாரத்துக் கைக்குத்தல் தொழிலுக்கு என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னது. சட்டம் 1997 வரை ஏட்டில் இருந்தது. உரல்களோ அதற்கு வெகு முன்பே கொல்லைக்குப் போய்விட்டன. இதில் பெண்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து நெல் குத்திய தலைமுறை, தங்கள் பெண்களுக்கு அந்தத் தோள்வலி வேண்டாம் என்று நினைத்தது நியாயமே.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோறு எல்லாத் தமிழர்க்கும் அன்றாட உணவாக இருந்ததில்லை. காவிரி, தாமிரபரணிப் பாசனத்துக்கு வெளியே கொங்கிலும் சேலத்திலும் மதுரையின் மேட்டு நிலங்களிலும் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச் சோறுதான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற முழக்கம் ஆட்சியையே மாற்றியதற்கு அந்த ஏக்கமும் ஒரு காரணம். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி என்று அரசின் அரிசி வழங்கல் விரிந்தது. பட்டினியை இந்த மாநிலத்திலிருந்து விரட்டியது அந்த அரிசிதான். கூடவே, பலவகைத் தானியம் உண்ட குடும்பங்கள் மூன்று வேளையும் ஒரே தானியத்துக்கு மாறின.

ஆலைகளும் மாறின. அவித்த நெல்லின் வாடை பிடிக்காதவர்களுக்காக, நெல்லைச் சுடுநீரில் சில மணி நேரம் மட்டும் ஊறவைக்கும் முறையை மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் 1967இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக வளர்ந்து பின் தஞ்சாவூருக்குப் போனது. ஹல்லரின் இடத்தில் ரப்பர் உருளைகள் வந்தன. இவை உமியை மட்டும் நோகாமல் நீக்குகின்றன. தவிட்டை எடுப்பது அடுத்து நிற்கும் பாலிஷ் இயந்திரத்தின் வேலை. வேண்டிய அளவு மட்டும் தீட்டிக்கொள்ள வழி பிறந்தது. சந்தை கேட்டதோ முழு வெண்மை. தவிடு எண்ணெய் ஆலைக்கு விலை போவதால் ஆலைக்காரருக்கும் முழுக்கத் தீட்டுவதே ஆதாயம்.

பெரிபெரி இன்று பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள் புத்தகத்தில் படிக்கும் நோய். அதன் இடத்தில், நடுவயதில் நுழைந்து முதுமையை அரிக்கும் சர்க்கரை நோய் நிற்கிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். 21 நாடுகளில் 1,32,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் மட்டும் அது 61 சதவீதம். சென்னையில் உடல் எடை கூடியவர்களிடம் நடந்த சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசி தந்தபோது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஏர் பின்னால் நாள் முழுக்க நடந்தவருக்குச் செரித்த சோறு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் பதம் பார்க்கிறது. பல் போன முதியவர்கள் குழைந்த ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொள்வதால் பருப்பும் காயும் குறைந்து, தசை இளைப்பும் சேர்கிறது.

பி1ஐ உள்ளே இறக்கிவைத்ததுபோல் நாரைப் புழுங்கலால் இறக்கிவைக்க முடியாது. நார் தவிட்டோடுதான் போகும். எனவே பெரிபெரிக் காலத்தில் போதுமாக இருந்த காப்பு சர்க்கரை நோய்க்குப் போதாது. அவித்த அரிசி தவிட்டில் பாதியாவது சுமந்து வர வேண்டும். அதற்கு உரலைத் திரும்ப இறக்க வேண்டியதில்லை, புதிய இயந்திரமும் வேண்டாம். ரப்பர் உருளை உமியை நீக்கியதும் பாலிஷைக் குறைத்துக்கொண்டால் போதும். அத்தகைய அரிசி வெள்ளை அரிசிபோல் நெடுநாள் தாங்காது என்பது உண்மையே. மாதந்தோறும் வாங்கி மாதந்தோறும் தீர்க்கும் ரேஷன் அரிசிக்கு அது பெரிய தடையும் இல்லை. 2023இல் ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் கலந்த செறிவூட்டிய மணிகளைச் சேர்த்துத் தந்த அரசு, அரைத் தீட்டல் புழுங்கல் அரிசியையும் விரும்பும் குடும்பங்களுக்கு அதே கடையில் தர முன்வர வேண்டும்.